‘ஹெல்லா’வை எங்கே தேடுவது? பேச்சு ஆங்கிலத்துக்கான இலவசத் தேடல் கருவிகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில், ஓக்லாண்டிலோ ஃப்ரீமான்ட்டிலோ படிக்கும் பள்ளிப் பிள்ளை ‘இட் வாஸ் ஹெல்லா ஹாட்’ என்று சொன்னால், அகராதி தரும் பொருள் ‘வெரி’. அதுவரை சரி. அதே பிள்ளை அடுத்த வாக்கியத்தில் ‘தேர் வேர் ஹெல்லா பீப்பிள்’ என்கிறது. அங்கே ‘வெரி’யை வைத்தால் வாக்கியமே நிற்காது. ‘ஐ ஹெல்லா வான்ட் இட்’ என்னும்போதும் அப்படித்தான். ‘ஹெல்லா பெட்டர்’ தடையில்லாமல் வரும். ‘வெரி பெட்டர்’ என்பதோ நம் ஊர் ஆங்கில வகுப்பில் சிவப்பு மையால் அடிக்கப்படும் பிழை. அகராதி பொய் சொல்லவில்லை. நாலில் ஒரு பங்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் அவ்வளவு அந்நியமில்லை. ‘ரொம்ப நல்லா இருக்கு’, ‘ரொம்பப் பேர் வந்தாங்க’, ‘ரொம்ப ஆசைப்பட்டான்’: மூன்று இடத்திலும் ஒரே சொல். பொது ஆங்கிலத்தில் ‘வெரி’, ‘மெனி’, ‘ரியலி’ என்று மூன்று பேர் பார்க்கும் வேலையை வட கலிஃபோர்னியாவில் ஒற்றைச் சொல் பார்க்கிறது. எனவே ‘ஹெல்லா’வை ‘வெரி’யோடு முடிச்சுப் போடாமல் ‘ரொம்ப’வோடு முடிச்சுப் போட்டுப் படித்தால் பாதித் தவறு தானே விலகும். எச்சரிக்கை ஒன்று உண்டு. எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளுக்கு முன்னால் அது வராது. ‘ஹெல்லா கார்ஸ்’ உண்டு, ‘ஹெல்லா டிராஃபிக்’ உண்டு, ‘ஹெல்லா கார்’ இல்லை. அந்த இடத்துக்கு அதன் தாய்ச்சொல் என்று பொதுவாகக் கருதப்படும் ‘எ ஹெல் ஆஃப் எ கார்’ இருக்கிறது.

இப்படிப்பட்ட மிகுதிச் சொற்கள் எந்த மொழியிலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. உறு, தவ, நனி என்ற மூன்றைத் தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் அதனுடன் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்குகிறது. இன்று தெருவில் கேட்பது ரொம்ப, செம, பயங்கர. ஆங்கிலத்திலும் அதே வேகம். ஆண்டுக்கணக்கில் மாறுவதை, ஊருக்கு ஊர் வேறாக இருப்பதை, அகராதிப் பதிவு ஒன்று துரத்திப் பிடிக்க முடியாது. அதனால்தான் உண்மையான பேச்சைத் தேடிக் காட்டும் கருவிகள் வேண்டியிருக்கின்றன. காசு கட்டாமல் கிடைக்கும் சிலவற்றை, பெரும்பாலும் ‘ஹெல்லா’ என்ற ஒரு சொல்லையும் துணைக்கு ‘விக்கெட்’ (கிரிக்கெட்டில் வருவதல்ல, ‘கொடிய’ என்ற பொருளுள்ள சொல்), ‘வெல்’, ‘ஸோ’ ஆகியவற்றையும் கொடுத்து எடைபோடுகிறது இந்த மதிப்பீடு. ஒரு கருவியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இந்தச் சொல்லுக்கு அடுத்து எது வருகிறது? யார் சொல்கிறார்கள்? எந்த ஊரில்? எப்படி ஒலிக்கிறது? நான்குக்கும் பதில் சொல்லும் கருவி இதுவரை இல்லை. எது எதற்கு உதவும் என்று தெரிந்தால் போதும்.

கோகா: வேலைக்காரக் கருவி, பழகினால்

தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு (உண்மையான எழுத்தையும் பேச்சையும் தேடுவதற்காகத் திரட்டிவைத்த கிடங்கு) என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ‘கோகா’. யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்க் டேவிஸ் உருவாக்கி 2008இல் வெளியிட்டது. இன்று 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். 1990 முதல் 2019 வரை. பேச்சு, கதை, இதழ், செய்தித்தாள், ஆய்வுக் கட்டுரை, தொலைக்காட்சி மற்றும் திரைப்பட வசனம், வலைப்பதிவு, பிற இணையப் பக்கங்கள் என எட்டுப் பிரிவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12, 13 கோடிச் சொற்கள். இங்கிலீஷ் கார்ப்பொரா என்ற தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் இலவசம். ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்று வரம்பு உண்டு. இடையிடையே சந்தா கேட்டு ஒரு திரை வரும். வீட்டிலிருந்து ஒரு சொல்லை ஆராய்பவருக்கு அந்த வரம்பு போதும்.

முதல் தேடலை வெறும் ‘ஹெல்லா’ என்று போடக் கூடாது. வந்து விழும் எண்ணிக்கை எதையும் சொல்லாது. சொல்லைத் தட்டி, ஓர் இடம் விட்டு, பெரிய எழுத்துகளில் ‘ஏடிஜே’ என்று சேர்த்தால் அடுத்து வரும் பெயரடைகள் மட்டும் அட்டவணையாக நிற்கும். அதே இடத்தில் ‘நவுன்’ என்று பெரிய எழுத்தில் போட்டால் பெயர்ச்சொற்கள், ‘வெர்ப்’ என்றால் வினைகள். இந்த மூன்று தேடலையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தாலே மேலே சொன்ன மூன்று வேலைகளும் கண்ணுக்கு முன் பிரிந்து நிற்கும். பிறகு ‘வெரி’யை அதே மூன்று இடத்தில் போட்டு ஒப்பிட வேண்டும். பெயர்ச்சொல் வரிசையில் ‘வெரி’க்குக் கிடைப்பவை ‘தி வெரி ஐடியா’ போன்றவை. அது மிகுதிப் பொருளே அல்ல. எத்தனை இலக்கணப் புத்தகம் படித்தாலும் இந்த இரண்டு பட்டியலை அடுத்தடுத்துப் பார்க்கும் தெளிவு வராது.

இங்கேதான் தவறும் தொடங்குகிறது. கோகா பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ‘ஹெல்லா’ என்பது ஜெர்மனியின் லிப்ஸ்டாட் நகரில் 1899இல் தொடங்கிய கார் விளக்கு நிறுவனத்தின் பெயரும்கூட. ஐஸ்லாந்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஜெர்மனியில் பெண்களுக்கு வைக்கும் பெயரும் அது. பெயர்ச்சொல் பட்டியலில் ‘ஹெல்லா லைட்ஸ்’ என்று வந்தால் ‘ஏராளமான விளக்குகள்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கார் இதழிலிருந்து வந்த வரியாக இருக்கும். எண்ணின் மேல் சொடுக்கினால் அந்த வரிகளே திறக்கும். பட்டியலை நம்பாமல் வரியைப் படிப்பது, கோகாவைப் பயன்படுத்துபவர் முதல் நாளே பழக வேண்டிய ஒழுக்கம்.

இரண்டாவது தவறு சொல்வகைக் குறியீட்டில். ஒவ்வொரு சொல்லுக்கும் அது பெயரா, வினையா, அடையா என்ற முத்திரையை மனிதர் குத்தவில்லை, நிரல் குத்தியிருக்கிறது. செய்தித்தாள் நடையில் அது நன்றாக வேலை செய்யும். கொச்சைச் சொல்லுக்குப் பக்கத்தில் தடுமாறும். ஆகவே ‘வெர்ப்’ தேடலில் வினையல்லாதவையும், பெயர் தேடலில் பெயரடைகளும் கலந்து வரும். இதற்கு மாற்றுவழி ‘கொலகேட்ஸ்’ என்ற தேடல்: இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1 என்று வைத்து, சொல்வகை எதையும் குறிக்காமல் தேடினால், ‘ஹெல்லா’வின் வலப்பக்கத்தில் ஒட்டி வரும் எல்லாச் சொற்களும் வரும். வகை பிரிப்பதை நாமே செய்துகொள்ளலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும். விளைச்சல் சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது, பலரும் விழும் குழி: ‘பேச்சு’ என்ற பிரிவின் பெயரைப் பார்த்து ஏமாறுவது. அதில் இருப்பது வானொலி, தொலைக்காட்சி உரையாடல்களின் எழுத்து வடிவம். எழுதி வைத்துப் படிக்காத பேச்சுதான், ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பேசியது. சாப்பாட்டு மேசையில் பேசும் ஆங்கிலம் அங்கே இல்லை. தேசிய வானொலியில் பேட்டி கொடுப்பவர் ‘ஹெல்லா’ என்று சொல்லத் துணிவது அபூர்வம். ‘சார்ட்’ என்ற வசதியில் பிரிவு வாரியாகப் பார்க்கும்போது, பேச்சுப் பிரிவின் கம்பத்தோடு தொலைக்காட்சி வசனத்தையும் வலைப்பதிவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

வசனம் என்றால் செயற்கைதானே என்ற கேள்வி வரும். முழுக்க அப்படி இல்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் வசனங்களை டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சாலி டாலியமான்டியும் இன்னொருவரும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். மிகுதிச் சொல் ஏற்ற பெயரடைகள் அதில் 22 விழுக்காடு. அதற்கு முன் 2003இல் இங்கிலாந்தின் யார்க் நகர மக்களின் இயல்பான பேச்சில் கண்டது 24 விழுக்காடு. ஏறக்குறைய ஒரே அளவு. எந்தச் சொல் என்பதில்தான் வேறுபாடு: தொடரில் ‘ஸோ’ முன்னால் நின்றது, யார்க்கில் முதியவர்களிடம் ‘வெரி’, இளையவர்களிடம் ‘ரியலி’. ஆகவே வசனப் பிரிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரே படைப்பு எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும் ஆபத்து உண்டு. ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடரின் 1998ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் ஒரு பாத்திரம் ‘ஹெல்லா’வைச் சலிக்கச் சலிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படி ஓர் அத்தியாயம் தொகுப்பில் இருந்தால் அந்த ஐந்தாண்டுக் கம்பம் மட்டும் நிமிர்ந்து நிற்கும். கம்பம் திடீரென்று உயர்ந்தால், அதன்மேல் சொடுக்கி எத்தனை வெவ்வேறு மூலங்கள் என்று எண்ண வேண்டும். இருபது வரியும் ஒரே மூலத்திலிருந்து வந்தால் அது மொழியின் போக்கு இல்லை, ஒரு வசனகர்த்தாவின் விருப்பம்.

நான்காவது நுணுக்கம், கையேட்டை ஊன்றிப் படிப்பவருக்கு மட்டும் தெரிவது: வலைப்பதிவுகளும் இணையப் பக்கங்களும் 2012இல் ஒரே மூச்சில் திரட்டப்பட்டவை. ஆண்டு வாரிக் கணக்கில் அவை சேராது. ஆகவே ‘2015க்குப் பிறகு ஹெல்லா கூடியதா குறைந்ததா’ என்பதற்கு இணைய நடையிலிருந்து கோகாவில் பதில் கிடையாது. 2019க்குப் பிந்தைய எதற்கும் பதில் கிடையாது. மிகுதிச் சொற்கள் மாறும் வேகத்துக்கு இது சின்னக் குறையல்ல.

‘விக்கெட்’ என்ற சொல்லைக் கொடுத்தால் கோகாவின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். மாசசூசெட்ஸ், மெய்ன், நியூ ஹாம்ப்ஷையர் பக்கம் ‘விக்கெட் குட்’, ‘விக்கெட் ஸ்மார்ட்’ என்றால் ‘செமயா இருக்கு’, ‘செம மூளை’ என்ற பொருள். மற்ற இடங்களில் அது ‘கொடிய’ என்ற பெயரடை. ‘விக்கெட்’ போட்டு ‘ஏடிஜே’ தேடினால் இரண்டும் சேர்ந்தே வரும்: ‘விக்கெட் ஓல்டு விட்ச்’ என்பதில் கிழவி கொடியவள், அவ்வளவு வயதானவள் என்பதல்ல. ‘ஓல்டு’, ‘லிட்டில்’, ‘யங்’ வரும் வரிகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, ‘குட்’, ‘ஸ்மார்ட்’, ‘கோல்டு’, ‘ஃபாஸ்ட்’ வரும் வரிகளைப் படித்தால் நியூ இங்கிலாந்து பயன்பாடு பிடிபடும். ‘ஹெல்லா’வைப் போல் ‘விக்கெட் பீப்பிள்’ என்று எண்ணிக்கைப் பொருளில் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அவர்கள் தீயவர்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டு வட்டாரச் சொற்களையும் ஒரே தட்டில் வைத்து ‘இரண்டுக்கும் அர்த்தம் வெரி’ என்று எழுதும் பயிற்சிப் புத்தகங்கள் பிள்ளைகளுக்குக் கெடுதல்தான் செய்கின்றன.

யூக்ளிஷ்: காதுக்கு

ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அது உச்சரிக்கப்படும் கணத்துக்கே நேராகக் கொண்டுபோய் விடும் தளம் இது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பு என்று பிரித்துக் கேட்கலாம். ஒரு காணொளி முடிந்து அடுத்தது, அடுத்தது என்று தாவலாம், ஐந்து விநாடி பின்னோக்கிப் போகலாம், வேகத்தைக் குறைக்கலாம்.

‘ஹெல்லா’வுக்கு இது ஏன் தேவை என்றால், தமிழ் எழுத்தே நம்மைத் தவறாக உச்சரிக்க வைக்கிறது. ‘ஹெல்லா’ என்று எழுதியதும் நாம் ‘ல்’ஐ இரட்டித்து, கடைசியில் ‘ஆ’வை நீட்டி, ‘நல்லா’ போலச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் வாயில் அழுத்தம் முழுவதும் முதல் அசையில். ‘ல’ ஒற்றையாகத்தான் ஒலிக்கும். கடைசி உயிர் விழுந்தும் விழாமலும் இருக்கும் மெலிந்த ஒலி. உணர்ச்சியைக் கூட்ட நீட்டுவதானால் முதல் ‘எ’யை நீட்டுவார்கள், கடைசி ‘ஆ’வை அல்ல. தமிழில் ‘ரொம்ப’வை ‘ரொம்ம்ப’ என்று நடுவில் இழுக்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு மொழிக்கும் இழுக்கும் இடம் ஒன்று உண்டு. இதை எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் பத்துக் காணொளி கேட்பதற்கு ஈடாகாது. முதலில் சாதாரண வேகத்தில் ஐந்து, பிறகு முக்கால் வேகத்தில் அதே ஐந்து, ஒவ்வொன்றிலும் சொல்லுக்கு முன் ஒரு விநாடி நிறுத்தி நாமே சொல்லிப் பார்த்து ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

தேடும்போது ஒற்றைச் சொல்லைவிட இரட்டைச் சொல்லாகத் தேடுவது மேல்: ‘ஹெல்லா குட்’, ‘ஹெல்லா ஃபார்’, ‘ஹெல்லா பீப்பிள்’. அப்படிச் செய்தால் விளக்கு நிறுவனமும் ஆள் பெயரும் பெரும்பாலும் கழன்றுவிடும். 

குறைகளையும் சொல்ல வேண்டும். தேடல் நடப்பது வசனவரியின் எழுத்தில், ஒலியில் அல்ல. வரியில் ‘ஹெல் ஆஃப்’ என்றோ ‘ஹெல் எ’ என்றோ எழுதப்பட்டிருந்தால், வாய் ‘ஹெல்லா’ என்று சொன்னாலும் தேடல் அதைத் தவறவிடும். அமெரிக்க உச்சரிப்பு என்று ஒரே பொத்தான்தான் உண்டு. ஓக்லாண்டு பேச்சையும் பாஸ்டன் பேச்சையும் பிரிக்க வழியில்லை. வட்டாரச் சொல் ஒன்றைத் தேடுகிறவருக்கு இது பெரிய இழப்பு.

பிரிட்டிஷ் ‘வெல்’ஐக் கொடுத்தால் தளம் அநேகமாகத் தோற்றுப்போகும். இங்கிலாந்தில் ‘வெல் குட்’ என்றால் ‘செம’ என்று பொருள் வரும். தேடினாலோ ‘வெல், குட் மார்னிங்’, ‘வெல், குட் லக்’ என்று வந்து குவியும். காற்புள்ளி தேடலில் கணக்கில் வராததால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘வெல் ஜெலஸ்’, ‘வெல் ஹார்டு’ என்று, காற்புள்ளிக்குப் பின் வழக்கமாகத் தொடங்காத பெயரடையாகப் பார்த்துத் தேடினால் ஓரளவு தப்பலாம்.

பிரிட்டிஷ் பேச்சுத் தொகுப்பு 2014: உண்மையான வீட்டுப் பேச்சு

இந்த மதிப்பீட்டில் மிகுந்த மரியாதைக்குரியது இதுதான். லங்காஸ்டர் பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து செய்தது. 2012 முதல் 2016 வரை, பொதுமக்கள் தங்கள் கைபேசியில் தாங்களே பதிந்து அனுப்பிய உரையாடல்கள்: 1,251 பதிவுகள், 668 பேர், ஏறத்தாழ 1.14 கோடிச் சொற்கள். வீடு, காபிக் கடை, கார். கோகாவின் அளவோடு ஒப்பிட்டால் சிறு கையளவு. ஆனால் யாரும் வானொலிக்காகப் பேசவில்லை. பேசியவரின் வயது, பாலினம், ஊர் வட்டாரம், தொழில் அடிப்படையிலான வகுப்பு எல்லாம் பதிவில் உண்டு. ‘யார் சொல்கிறார்கள்’ என்ற கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் கிடைக்கும்.

‘ஹெல்லா’வை இங்கே தேடுவதில் பயன் இல்லை, அது அமெரிக்க மேற்குக் கரையின் சரக்கு. ‘ஸோ’, ‘வெல்’, ‘டெட்’, ‘பிளடி’, ‘ப்ராப்பர்’ ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். லங்காஸ்டரின் சிக்யூபி வெப் என்ற தேடல் பக்கத்தில் பதிந்து, ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டும் என்ற உரிமத்தை ஏற்றுக்கொண்டால் உள்ளே போகலாம். சொல்லை எழுதி, இடம் விட்டு, அடிக்கோடு போட்டு, நெளிவு அடைப்புக்குறிக்குள் ஆங்கில ‘ஏ’ எழுதினால் அடுத்து வரும் பெயரடைகள் வரும். விடை வந்ததும் மேலே உள்ள பட்டியில் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதைத் தேர்ந்தால் வயது வாரியாக, பாலினம் வாரியாகப் பிரித்துக் காட்டும்.

காட்டும் எண்களில் எதைப் படிப்பது? மொத்த எண்ணிக்கையை அல்ல; பத்து லட்சம் சொல்லுக்கு எத்தனை முறை என்ற எண்ணை. காரணம், இந்தத் தொகுப்பில் 19 முதல் 29 வயதுக்காரர்களின் பேச்சு மற்ற வயதினருடையதைவிட மிகுதி. மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் ‘தி’, ‘ஆண்ட்’ கூட இளைஞர் சொல்லாகத் தெரியும். அடுத்தது, ஒருவரே பல பதிவுகளில் மணிக்கணக்கில் பேசியிருக்கலாம். ஓர் ஊரில் ‘டெட் குட்’ பத்து முறை வந்தால் பத்தையும் சொன்னது ஒரே ஆளா என்று பார்த்த பிறகே ‘லிவர்பூல் பக்கம் அப்படிப் பேசுகிறார்கள்’ என்று எழுதலாம்.

எழுத்தாக்க முறை ஒன்று புதியவர்களைத் திணறடிக்கும். கேள்விக்குறி தவிர வேறு நிறுத்தற்குறி எதுவும் கிடையாது. முற்றுப்புள்ளி இல்லை, காற்புள்ளி இல்லை. பேச்சில் அவை இல்லை என்பதால் அது நேர்மையான முடிவுதான். ஆனால் ‘வெல் குட்’ என்ற வரி ‘நல்லது, சரி’யா, ‘செம’யா என்பதை முன்பின் வரிகளைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். இருபது வரிக்குள் கண் பழகிவிடும்: முன்னால் ‘வாஸ்’, ‘இஸ்’, ‘லுக்ஸ்’ போன்ற வினை நின்றால் அது மிகுதிச் சொல், ஒருவர் பேசத் தொடங்கும் இடத்தில் நின்றால் வெறும் தொடக்கச் சொல்.

பழைய தொகுப்பையும் அருகில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுவை. 1990களின் பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பிலும் வீட்டு உரையாடல் பகுதி உண்டு. ‘பிளடி’ என்ற சொல் இரண்டுக்கும் இடையே கடுமையாகச் சரிந்திருப்பதை ராபி லவ் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். ‘இங்கிலாந்துக்காரன் என்றால் பிளடி’ என்று நம் திரைப்படங்களும் மேடை நாடகங்களும் காட்டும் ஆள், 1990களின் இங்கிலாந்துக்காரன்.

என்கிராம், அர்பன் டிக்ஷனரி: கொஞ்சம் தள்ளியே

கூகுளின் என்கிராம் பார்வைப் பக்கம் அச்சிட்ட புத்தகங்களைத்தான் தேடுகிறது. பேச்சு மொழிக்கு அது பக்கவழி. 40 புத்தகங்களுக்குக் குறைவாக வரும் தொடரைக் காட்டாது. படம்பிடித்த பக்கத்தை எழுத்தாக்கும்போது ‘ஹெல்’ஐயும் அடுத்த ‘எ’யையும் ஒட்டிவிடும் பிழை வேறு. பெரிய எழுத்து ஹெல்லாவையும் சின்ன எழுத்து ஹெல்லாவையும் தனித்தனிக் கோடாகப் பார்க்கலாம் என்பது ஒன்றே இதன் அனுகூலம். விளக்கு நிறுவனமும் பெண் பெயரும் பெரும்பாலும் பெரிய எழுத்துக் கோட்டில் தங்கிவிடும். ‘ஸோ குட்’, ‘வெரி குட்’, ‘ரியலி குட்’ என்று பரவலான சொற்களை ஒப்பிட்டு நூறாண்டுப் போக்கைப் பார்க்க நல்லது. ‘ஹெல்லா’வுக்கு வேண்டாம்.

அர்பன் டிக்ஷனரி, கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் படித்த ஆரன் பெக்கம் 1999இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம், மற்றவர் வாக்களிக்கலாம். ஆகவே மேலே நிற்பது அதிகம் பேருக்குப் பிடித்த பொருள். சரியான பொருள் என்ற உறுதி இல்லை. தூற்றலும் ஆபாசமும் கலந்தே வரும், பிள்ளைகள் கையில் அப்படியே கொடுக்கத் தகாது. ஆயினும் ஒரு காரியத்துக்கு இதற்கு ஈடில்லை. சொல்லைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். ‘ஹெல்லா’ என்பது வடக்கின் அடையாளம், தெற்கத்தியர் சொல்வதில்லை என்ற பெருமிதம் அங்கே பளிச்சென்று தெரியும். ஆய்விலும் அது உறுதிப்பட்டதுதான்: சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் மேரி பக்கோல்ட்ஸ் குழுவினர் மாணவர்களிடம் கலிஃபோர்னியா வரைபடத்தைக் கொடுத்து எங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்று குறிக்கச் சொன்னபோது, மிகுதியாகச் சுட்டப்பட்ட சொல் ‘ஹெல்லா’. அந்தக் கட்டுரை வந்தது 2007இல். மூன்று ஆண்டு கழித்து, டேவிஸ் நகரப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஒன்றுக்குப் பின் 27 சுழியம் கொண்ட எண்ணுக்கு ‘ஹெல்லா’ என்றே அலகு முன்னொட்டு வைக்க வேண்டும் என்று மனுப் போட்டார். கூகுள் கணிப்பான் அதை ஏற்றுக்கொண்டது. உலக அளவியல் மாநாடு 2022இல் அந்த இடத்துக்கு ‘ரொன்னா’வைத் தேர்ந்தது. ஊர்ச்சொல் ஒன்றின்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பவர்களைப் பார்க்க மனம் நிறைகிறது.

எந்தக் கருவியும் சொல்லாத ஒன்றும் உண்டு: யாரிடம் சொல்லக் கூடாது என்பது. ‘ஹெல்லா’வின் வயிற்றில் ‘ஹெல்’ இருக்கிறது. அதனாலேயே சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஹெக்கா’ என்ற மென்மையான மாற்று வழங்குகிறது. வேலைக்கான நேர்காணலிலும், மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலிலும், ஆசிரியரிடமும் ‘ரியலி’யே போதும். அந்தப் பகுதியில் வளராத பெரியவர் சட்டென்று ‘ஹெல்லா’ என்றால் தப்பில்லை, ஆனால் ஒட்டவைத்தது போல் கேட்கும். பிள்ளைகள் பேசுவதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே பெற்றோரின் தேவை என்றால், பேசிக் காட்ட வேண்டியதில்லை.

ஒரு சொல்லுக்கு முப்பது நிமிடம் ஒதுக்க முடிந்தால், வரிசை இப்படி: முதல் பதினைந்து நிமிடம் கோகாவில் மூன்று இடத் தேடல், வரிகளைப் படித்தபடி. அடுத்த பத்து நிமிடம் யூக்ளிஷில் இரட்டைச் சொல் தேடல், காதொலிப்பானோடு. மிச்ச நேரம் அர்பன் டிக்ஷனரியில் ஊர்க்காரர் கருத்து. பிரிட்டிஷ் சொல் என்றால் கோகாவின் இடத்தில் 2014 தொகுப்பு. கோகாவுக்குச் சந்தா கட்டுவது, வாரத்துக்குப் பல சொற்கள் பார்க்கும் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பயன்படும். மற்றவருக்கு இலவசக் கணக்கே தாராளம்.

கோகா இருக்கும் அதே தளத்தில், அதே பதிவுக் கணக்கிலேயே, ‘குளோப்’ என்று உச்சரிக்கப்படும் இன்னொரு தொகுப்பும் உண்டு: 20 நாட்டு இணைய ஆங்கிலம், 190 கோடிச் சொற்கள். இந்தியப் பகுதி சுமார் 9.6 கோடி, இலங்கைப் பகுதி சுமார் 4.6 கோடி. ‘டூ குட்’ என்று தட்டி நாடு வாரியாகப் பாருங்கள். பொது ஆங்கிலத்தில் ‘டூ’ அளவு மீறியதைச் சொல்லும், அதனால் ‘டூ குட் டு பீ ட்ரூ’ போன்ற வரிகளைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டும். மிஞ்சும் இந்திய வரிகளில், ‘சாப்பாடு டூ குட்’ என்று நாம் தினமும் சொல்லும் அந்த ‘டூ’வைத் தேடிப் பாருங்கள்; அது பிழையா, நம் வட்டாரத்தின் ‘ஹெல்லா’வா என்பதை அந்த வரிகளை வைத்தே நீங்கள் முடிவு செய்யலாம்.